ஓரத்து எழுத்துகள்

மூக்குக்கண்ணாடியைத் துடைக்க எல்லோரும் சட்டை நுனியைத்தான் எடுக்கிறார்கள். நீங்களும் இப்போது அதைத்தான் செய்தீர்கள், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு அது கண்ணில் படாமல் போகாது. சட்டைத் துணியில் இருக்கும் தூசு கண்ணாடியில் கீறல் போடும். ஒரு நாளில் தெரியாது. ஐந்து வருடம் கழித்து விளக்கைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் தெரியும்போது, கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

துடைப்பது எல்லாம் சுத்தம் செய்வது ஆகாது. இது தெரியாதவர்கள் உலகத்தில் நிறைய. என் சம்பந்தி அவர்களில் ஒருவர். நல்ல மனிதர். அவரைப் பற்றி என் வாயால் ஒரு குறையும் வராது.

முதலில் எங்கள் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு என் கடையின் பின்னறையில் ஐந்து பேர் கூடுவோம். கண் பரிசோதனை நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு, மேசையைச் சுற்றி உட்காருவோம். பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். அவருக்கு ‘சில்லறை’ என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு தபால்காரர். பூகோள வாத்தியார் ஒருவர். மருத்துவமனை ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடம் ரத்தம் பரிசோதித்த பெண்மணி ஒருவர். எல்லோருக்கும் அவர் அக்கா. ஐந்தாவது நான். என்னைப் ‘பூதக்கண்ணாடி’ என்பார்கள்.

அந்த மாதம் புதிதாகக் கைக்கு வந்த நாணயத்தையோ பதக்கத்தையோ கொண்டுவந்து காட்டுவதுதான் கூட்டம். புதுவரவு என்போம். கண்ணாடிச் சட்டங்களை வாடிக்கையாளருக்குக் காட்டும் கறுப்பு வெல்வெட் தட்டில் அதை வைப்போம். தட்டு வலப்பக்கமாகச் சுற்றி வரும். எடுத்துப் பார்ப்பவர் இரண்டு விரலால் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது. கொண்டுவந்தவர் அது யாரிடம் இருந்தது, எப்போது, எப்படி வந்தது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஒரு வங்கிக் குமாஸ்தாவை நாங்கள் அன்றே எழுப்பி அனுப்பியிருக்கிறோம். இரவல் வாங்கிய பொருள் தட்டில் ஏறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றையும் கழுவக்கூடாது, தேய்க்கக்கூடாது, பளபளப்பாக்கக்கூடாது. வெள்ளிமேல் படியும் கருமை அதன் வயது. அதைத் தேய்த்தால் வயது போகாது, முகம்தான் போகும்.

ஏழு மாதமாக என்னிடம் புதுவரவு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் தட்டு என் முன்னால் வெறுமனே வந்து வெறுமனே போகும்.

“என்ன பூதக்கண்ணாடி, இந்த மாசமும் கையை வீசிட்டுதான் வந்தீங்களா?” என்பார் சில்லறை.

“அவரு வரல சில்லறை, அவரு கடைக்குத்தான் நாம வந்திருக்கோம்” என்பார் வாத்தியார்.

“அப்ப சரி. டீ வாங்கித் தர்ற புதுவரவாவது இருக்குதே.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை. தேதிவாரியாக ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் மகளுக்கு அமைந்த வரனைப் பற்றி நீங்களே விசாரித்திருப்பீர்கள். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை. குரலைக் கேட்டாலே வண்டியைத் தவற விட்டவனுக்கும் கோபம் தணிந்துவிடும். என் மகள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் விரும்பினாள். இரண்டு வருடம் அந்த நிலையத்தில் இறங்கி ஏறியவள், ஒரு நாள் அறிவிப்பு அறைக் கதவைத் தட்டி, “எந்த வண்டி எப்ப வரும்னு எல்லாருக்கும் சொல்றீங்க, நீங்க எப்ப வருவீங்கன்னு எனக்குச் சொல்லவே இல்லையே” என்று கேட்டாளாம். இதை மாப்பிள்ளையே என்னிடம் சொல்லிச் சிரித்தார். என்னை மாமா என்று கூப்பிடும்போது அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கும். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

அவருடைய அப்பா தையற்காரர். மாடியில் ஒரே நீளமான அறை. ஒரு பக்கம் துணி வெட்டும் மேசை, ஒரு பக்கம் இரண்டு தையல் இயந்திரங்கள், சன்னல் ஓரம் ஆளுயரக் கண்ணாடி. மனைவி போன பிறகு அப்பாவும் மகனும் அதற்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் இருந்தார்கள். கல்யாணப் பேச்சு முடிந்த அன்று, எங்களுக்குக் காட்டுவதற்காக நூல்கண்டு இழுப்பறையிலிருந்து ஒரு பொருளை எடுத்தார்.

“எங்க வீட்ல பெருமைன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் சம்பந்தி.”

வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம், தண்ணீருக்குள்ளிருந்து மேலே வரும் ஒரு கை. அதன் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கும் இன்னொரு கை. ஓரத்தைச் சுற்றிச் சின்ன எழுத்தில் பெயரும் நாளும் வெட்டியிருந்தது. சம்பந்தியின் அப்பா படகோட்டி. ஆற்றில் பயணிகள் படகு கவிழ்ந்தபோது பதினான்கு பேரை ஒவ்வொருவராக இழுத்துக் கரையேற்றியதற்குக் கொடுத்தது. இந்த வகையில் மொத்தம் பன்னிரண்டுதான் அடித்தார்கள் என்று படித்திருக்கிறேன். மூன்று இருக்கும் இடம் தெரியும். இது நான்காவது.

“வருஷா வருஷம் அப்பா செத்த அன்னைக்குப் பல்பொடி போட்டுத் தேய்ச்சிருவேன்” என்றார் சம்பந்தி. “அவரு முகத்தைக் கழுவி விடுற மாதிரி.”

கையின் விரல்கள் பாதி தேய்ந்துபோயிருந்தன. மேலே இருக்கும் கைக்கு நகங்கள் இருந்திருக்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. அவரை உட்கார வைத்து எல்லாம் விளக்கிச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “விஷயம் தெரிஞ்சவங்க சொன்னா சரிதான். இனிமே தொடல” என்றார். சொன்னபடியே இருந்தார். ஒன்றரை வருடத்தில் வெள்ளி மெல்லக் கறுத்து, விரல்களின் இடுக்கில் நிழல் திரும்பியிருந்தது. அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பேன். எனக்குத் தருவீர்களா, என்னிடம் இருக்கும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு முறை கேட்டேன்.

“அப்பாவை யாராச்சும் மாத்திக் குடுப்பாங்களா சம்பந்தி?” என்று சிரித்தார்.

அதன் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது என் மகள் வேலை முடிந்து துள்ளிக்கொண்டு வந்தாள்.

“அப்பா, அந்த மெடலை மாமா எனக்கு டாலரா பண்ணிப் போடப் போறாராம். மேல ஓட்டை போட்டு, பாலிஷ் பண்ணி, சங்கிலியில கோத்து. சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக்காரர் வரச் சொல்லியிருக்காராம்.”

நான் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன்.

“எப்படிப்பா சொல்றது? அவங்க வீட்ல இருக்கறதுலயே பெரிசு அதுதான். அதைத் தூக்கி எனக்குத் தர்றாங்க.”

“அதுல ஓட்டை போடக்கூடாதும்மா.”

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “இந்த வீட்ல பொண்ணுக்குக் கல்யாணமா, மெடலுக்குக் கல்யாணமா? நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க, பத்திரிகையில பேரை மாத்திரலாம்.”

மகள் சிரித்துக்கொண்டே என் தட்டை மறுபடி என் முன்னால் தள்ளினாள். என் குடும்பத்தில் எந்தச் சண்டையும் அரை மணி நேரத்துக்குமேல் போனதில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது; நான்கு நாளும் தீர யோசித்தேன். அந்தப் பொருள் என் மகளுக்குத்தான் வரப்போகிறது. மகளுக்கு வரப்போவதைக் கெடாமல் காப்பாற்றிக் கொடுப்பது அப்பாவின் கடமை. கணக்கு நேராக இருந்தது. எடுத்து மறைத்து வைத்துவிட்டு, கல்யாணம் முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் சனிக்கிழமை காலை கிளம்பினேன். அடுத்த நாள் முதல் ஞாயிறு என்பது தற்செயல்.

எனக்குக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தார் அவர். சாம்பல் நிறம். அளவு பார்க்க வரச் சொல்லியிருந்தார். பத்தரை மணி. நூலோட்டம் மட்டும் போட்ட கோட்டை எனக்கு மாட்டிவிட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்தி, தோளைத் தட்டினார்.

“இடுப்பு ஒரு இஞ்ச் ஏறியிருக்கு சம்பந்தி. பொண்ணை அனுப்பற கவலைன்னு சொல்லிராதீங்க. கவலையில இளைப்பாங்க, நீங்க ஊதியிருக்கீங்க.”

நூல்கண்டு இழுப்பறை திறந்து கிடந்தது. பதக்கம் அதில் இல்லை. எங்கே என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்தார். வெறுங்கையால், கட்டைவிரலைச் சரியாக அந்தக் கையின்மேல் வைத்து எடுத்தார். வாயால் ஊதினார். சட்டை நுனியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார்.

“பட்டறைக்காரன் எங்க ஓட்டை போடணும்னு கேட்டான். பையன் பதினொரு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போயிருவான்.” துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியை எடுத்து, மேலிருந்து நீளும் கையின்மேல், முழங்கைக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டார். “இங்க. உங்களுக்குச் சம்மதமா?”

எனக்குச் சம்மதமில்லை என்று சொன்னேன். மூன்று முறை சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

“அட, போங்க சம்பந்தி. குழந்தை கழுத்துல கிடக்கறதைவிடவா?” என்று பதக்கத்தை மேசையில் வைத்தார். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, என் கால்சட்டையின் உயரம் பார்க்கக் கீழே மண்டியிட்டார்.

மேசையில் என் வலக்கைக்கு எட்டும் தூரத்தில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அந்தக் காலத்துக் கெட்டி இரும்பு. அடுப்பில் வைத்துச் சூடேற்றுவது. அன்று சூடேற்றவில்லை. அதைப் பிடித்தபோது என் கால் லேசாக அசைந்திருக்க வேண்டும்.

“ஊசி குத்திருச்சா சம்பந்தி?” என்றார், வாய் ஓரத்தால்.

காதுக்குப் பின்னால் அடித்தேன். ஈர மூட்டையைத் தரையில் போட்டதுபோலச் சத்தம். அவர் என் காலைக் கட்டிக்கொண்டு சரிந்தார். பாதி ஊசிகள் அவர் தொண்டைக்குள் போய்விட்டன; அதனால் கத்த முடியவில்லை, கரகரவென்று மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்பதற்காக இன்னும் சில அடி. உங்கள் டாக்டர் ஏழு என்று எழுதியிருக்கிறார். நான் எண்ணவில்லை. அவர் சரியாகத்தான் எண்ணியிருப்பார். ஒரு கட்டத்தில் பெட்டியின் முனை உள்ளே இறங்கி நின்றுவிட்டது; வெளியே இழுக்க என் காலை அவர் தோளில் ஊன்ற வேண்டியிருந்தது. என் கோட்டுக் கையில் போட்டிருந்த நூலோட்டம் பிரிந்துபோனது.

பிறகு மாப்பிள்ளை வந்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதக்கத்தை எடுத்துக்கொண்டேன். என் விரல்கள் நனைந்திருந்தாலும் இரண்டு விரலால் ஓரத்தை மட்டும் பிடித்துத்தான் எடுத்தேன். பழக்கம். அதனால்தான் முகம் முழுதும் சுத்தமாக இருந்தது. ஓரத்து எழுத்துகளில் மட்டும் ரத்தம் இறங்கிவிட்டது. கோட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டேன். அங்கேயே குழாயில் கை முகம் கழுவினேன். இரும்புப் பெட்டியைக் கழுவினேன். காலணியைக் கழுவினேன். தொட்ட இடம் எல்லாம் துடைத்தேன். துடைக்கிற வேலையை என்னைவிட யாரும் நன்றாகச் செய்ய முடியாது. பின்படி வழியாக இறங்கினேன்.

பதக்கத்தை மட்டும் கழுவவில்லை. கடையில், மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு நிமிடம் காட்டியிருந்தால் போயிருக்கும். பக்கத்திலேயே குழாய். என் கை அதற்கு வரவில்லை, ஐயா. தண்ணீர் பட்டு, துணி பட்டு, அந்த ஒன்றரை வருடக் கருமையும் கலைந்துபோகும். அதற்குத்தானே இவ்வளவும்.

மத்தியானம் பட்டறைக்காரர் ஆளைக் காணோமே என்று தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் திருட்டுக்கு வந்தவர்கள் செய்த கொலை என்று பேசியது. நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள். என் மகள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விழுந்தவள், வீட்டுக்கு வந்தும் தரையிலேயே கிடந்தாள். யாரையும் பக்கத்தில் விடவில்லை. என்னை மட்டும் விட்டாள். காலைவரை அவள் தலை என் மடியில் இருந்தது. தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்பாவுக்கு அதைவிட வேறு என்ன வேலை இருக்கிறது?

ஒன்பதே முக்காலுக்கு, கடையைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

நான்கு பேரும் கடை வாசலில் நின்றிருந்தார்கள். கூட்டத்துக்கு வரவில்லை, துக்கம் கேட்க என் வீட்டுக்குப் போகக் கிளம்பி, சேர்ந்து போகலாம் என்று அங்கே கூடியிருந்தார்கள். சில்லறை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“நீங்க எதுக்குய்யா கடைக்கு வந்தீங்க? வீட்டுக்குப் போங்க.”

“உள்ள வாங்க, ஒரு அஞ்சு நிமிஷம்” என்றேன். தட்டை எடுத்து வைத்தேன்.

“இன்னைக்கு வேண்டாம்யா” என்றார் தபால்காரர்.

பதக்கத்தைத் தட்டில் வைத்தேன்.

மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அப்போது பார்த்தேன். வேண்டாம் என்றவர்தான் முதலில் குனிந்தார். வாத்தியார் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். சில்லறை கண்ணைத் துடைத்துவிட்டு, “நாலாவது” என்றார், மூச்சு விடாமல். தட்டு அக்காவிடம் போனது. அவர் ஓரத்தைப் பிடித்து, என் பூதக்கண்ணாடியை வைத்து, சுற்றி வரத் திருப்பினார். ஒரு எழுத்தில் நின்றார்.

“இது கறுப்பு இல்லையே. பழுப்பு. காய்ஞ்ச குளம் மாதிரி வெடிச்சிருக்கு.” இன்னும் கொஞ்சம் திருப்பினார். “இது வெள்ளியில படியறது இல்ல. நான் தினம் பார்த்தது.”

பதக்கத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“யாருகிட்ட இருந்ததுப்பா?”

கூட்டத்தில் பொய் சொல்லக்கூடாது. சம்பந்தியிடம் என்றேன்.

“எப்ப வந்தது?”

“நேத்து. பதினொரு மணிக்கு.”

எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். வாத்தியார் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. சில்லறை தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார், என் கையைப் பிடித்த அந்தக் கையை. ஏழு மாதமாக என்னைக் கேலி செய்தவர், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு புதுவரவை அந்த மேசை பார்த்ததில்லை.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாக்குமூலத்தில், அவர் என்மேல் பாய்ந்தார், நான் தடுத்தேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அவர் பாயவில்லை. படியேறி வரும்போதே “அப்பா, மெடல் ரெடியா?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்றார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டி என் கையில்தான் இருந்தது. ஆனால் அவருக்கு அது தெரியவில்லை. தெரிந்தாலும் மனம் ஏற்கவில்லை. என் கோட்டு முழுக்க ரத்தம் இருந்ததைப் பார்த்து, “மாமா, உங்களுக்கும் அடிபட்டிருக்கா?” என்று கேட்டார். பிறகு முட்டி போட்டு அப்பாவின் மார்பில் காதை வைத்தார்.

“மாமா, மூச்சு இருக்கு. ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க மாமா.”

போன் மேசையில்தான் இருந்தது. பதக்கத்துக்குப் பக்கத்தில். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். எதை எடுக்கத் திரும்பினேன் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர் முதுகு என் பக்கம் இருந்தது. குனிந்து, தன் அப்பாவின் வாயிலிருந்து ஒவ்வொரு ஊசியாக எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததைத் தொலைந்துவிடாமல் தன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டிருந்தார். தையற்காரர் வீட்டுப் பிள்ளை. மூன்று குத்தியிருந்தார்.

அவருக்கு ஒரே அடி. இதையும் டாக்டர் சரியாக எழுதியிருக்கிறார். பெரியவருக்கு மறுபடி ஒன்று; அது அந்த ஏழில் சேர்த்தி.

போன வியாழக்கிழமை என் மகள் என்னைப் பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். எல்லாம் உனக்காகத்தான்மா, அது உன் பொருள் என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “அன்னைக்கு ராத்திரி முழுக்க என் தலையைத் தடவிக்கிட்டே இருந்தீங்களே. அந்தக் கையாலதானா?”

அவள் மனம் நோகக்கூடாது என்று உண்மையைச் சொன்னேன்.

“சோப்புப் போட்டு ரெண்டு தடவை நல்லாக் கழுவிட்டுத்தாம்மா உன்னைத் தொட்டேன்.”

அவள் எழுந்துகொண்டாள். கதவுவரை போனவள் நின்று, திரும்பி, வலையில் ஊன்றியிருந்த என் கையை வெகுநேரம் பார்த்தாள். இங்கே சாப்பாடு சரியில்லை, அப்பாவின் கை மெலிந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.